எர்ஃபுர்ட் அகுஸ்தீனார் மடம்: லுத்தர் துறவியாக வாழ்ந்த இடத்துக்குப் போகிறவர்களுக்கு

மடத்தைச் சுற்றிப் பார்க்க அரை நாள் போதும். அந்த அரை நாளுக்காக நான்கு மாதத்துக்கு முன்பே வேலையைத் தொடங்க வேண்டியிருக்கும். எந்தக் காகிதம் எதற்கு முன்னால் கைக்கு வர வேண்டும் என்று தெரியாமல்தான் பலர் பணத்தையும் நாளையும் விடுகிறார்கள்.

புராட்டஸ்டன்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லுத்தர் 1505 ஜூலை 17 அன்று துறவியாகச் சேர்ந்த மடம் இது, ஜெர்மனியின் எர்ஃபுர்ட் நகரத்தில் இருக்கிறது. நடுவில் விட்டன்பர்க்கில் கழித்த காலம் போக 1511 வரை இங்கேதான் இருந்தார். அவர் கதை தெரிந்துதான் கிளம்புவீர்கள், அதனால் அதை விட்டுவிடுகிறேன். சென்னையிலிருந்து புறப்படுகிறவர், முதல் முறையாக ஷெங்கன் விசா (ஜெர்மனி உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா) எடுக்கிறவர் என்று வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறேன்.

1. எந்த மடம் என்று உறுதிசெய்யுங்கள்

சிரிக்க வேண்டாம், தவறு இங்கேயே தொடங்குகிறது. ஜெர்மனியில் "அகுஸ்தீனர்குளோஸ்டர்" என்ற பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்கள் உண்டு. எர்ஃபுர்டிலிருந்து ரயிலில் கொஞ்ச தூரத்தில் உள்ள கோத்தா நகரத்திலும் ஒன்று இருக்கிறது, அங்கும் தங்கும் வசதி உண்டு. அறை தேடும்போது மாநிலம் "துரிங்கியா" என்று பார்த்ததும் பணம் கட்டிவிடாதீர்கள். இரண்டு ஊரும் அதே மாநிலம்தான். விட்டன்பர்க்கில் உள்ள லுத்தர் இல்லமும் ஒரு காலத்தில் அகுஸ்தீனார் மடமாக இருந்ததுதான், ஆனால் அது அவருடைய பிற்கால வீடு.

நீங்கள் தேடுவது: அகுஸ்தீனர்ஷ்ட்ராஸே 10, 99084 எர்ஃபுர்ட். அஞ்சல் எண்ணைச் சரிபார்த்தால் போதும்.

2. தேதியை முடிவுசெய்யுங்கள்

விமானச் சீட்டு எப்போது மலிவு என்று பார்த்துத் தேதி குறிப்பது நம் வழக்கம். இங்கே அதைத் திருப்பிச் செய்யுங்கள். முதலில் மடத்தின் இணையதளத்தில் நீங்கள் போக நினைக்கும் வாரத்துக்கான வழிகாட்டிச் சுற்று நேரங்களைப் பாருங்கள். கோவிலுக்குள் நீங்களாகப் போய் வரலாம். லுத்தரின் அறை, கண்காட்சி ஆகியவற்றை வழிகாட்டியோடு சேர்ந்துதான் பார்க்க முடியும் என்று வைத்துத் திட்டமிடுங்கள். சுற்று இல்லாத நேரத்தில் போய் நின்றால் கோவிலையும் முற்றத்தையும் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

கவனிக்க வேண்டிய நாட்கள்:

ஞாயிறு: காலையில் ஆராதனை நடக்கும். அந்த நேரத்தில் சுற்றிப் பார்க்கவோ படம் எடுக்கவோ கூடாது. ஆராதனையில் உட்கார விரும்புகிறவர்களுக்கு இதைவிட நல்ல நாள் இல்லை. ஆனால் ஊரில் மளிகைக் கடைகள் மூடியிருக்கும், சனிக்கிழமையே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

திங்கள்: நகரத்தின் அருங்காட்சியகங்கள் பொதுவாக விடுமுறை. பழைய யூத ஜெபாலயத்தையும் பார்க்க எண்ணினால் திங்களைத் தவிருங்கள்.

செப்டம்பர் 20, அக்டோபர் 31: முன்னது குழந்தைகள் தினம், பின்னது சீர்திருத்தத் திருநாள். இரண்டும் துரிங்கியாவில் அரசு விடுமுறை. ஜெர்மனி முழுவதற்குமான விடுமுறைப் பட்டியலில் இவற்றைத் தேடினால் கிடைக்காது. குறிப்பாகச் செப்டம்பர் 20 பலரை ஏமாற்றும்.

நவம்பர் 10: லுத்தரின் பிறந்தநாள். மாலையில் பேராலயச் சதுக்கத்தில் குழந்தைகள் விளக்கேந்தி வருவார்கள். பார்க்க வேண்டிய காட்சிதான், ஆனால் அறைகள் முன்கூட்டியே நிரம்பும். நவம்பர் கடைசியில் தொடங்கும் கிறிஸ்துமஸ் சந்தைக் காலத்தில் வாடகை இன்னும் ஏறும்.

டிசம்பரில் மாலை நாலேகாலுக்கெல்லாம் இருட்டிவிடும். மே, ஜூன், செப்டம்பர் ஆகியவை சரியான மாதங்கள். ஆனால் மே, ஜூனுக்கு விசா நேரம் கிடைப்பதுதான் கடினம்.

3. மடத்துக்கு மின்னஞ்சல் எழுதுங்கள்

மடத்திலேயே தங்கலாம். இன்று அது கருத்தரங்குகளும் கூட்டங்களும் நடக்கும் இடம். பெரிய கூட்டம் ஒன்று வந்தால் மொத்த அறைகளும் போய்விடும். அறைகள் எளிமையானவை, தொலைக்காட்சி கிடையாது. வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். குழந்தைகளோடு போகிறவர்கள் இதை முன்பே வீட்டில் சொல்லிவிடுவது நல்லது.

மின்னஞ்சலில் இவை இருக்கட்டும்: வரும் தேதி, கிளம்பும் தேதி, எத்தனை பேர், எத்தனை அறை, ஒற்றைக் கட்டிலா இரட்டைக் கட்டிலா, காலை உணவு வேண்டுமா, சைவமா, வந்து சேரும் நேரம். வழிகாட்டிச் சுற்று ஆங்கிலத்தில் வேண்டும் என்றால் அதையும் இதிலேயே கேளுங்கள். வழக்கமான சுற்றுகள் ஜெர்மன் மொழியில்தான் நடக்கும். சபையாகப் பத்துப் பதினைந்து பேர் போகிறவர்கள் தனிச் சுற்று கேட்பதே நல்லது.

கடைசியாக ஒரு வரி: "உறுதிக் கடிதத்தில் எல்லோருடைய பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ளபடி வேண்டும், விசாவுக்குக் கொடுக்க." இந்த வரியை விட்டால், முன்பதிவு செய்தவர் பெயர் மட்டும் போட்ட கடிதம் வரும். விசா மையத்தில் மற்றவர்களுக்குத் தங்குமிடச் சான்று இல்லை என்றாகிவிடும். ரத்து நிபந்தனையையும் கேட்டு வாங்குங்கள், விசா மறுக்கப்பட்டால் அதுதான் கைகொடுக்கும்.

4. விசா

முதலில் எந்த நாட்டில் விண்ணப்பிப்பது என்ற கேள்வி. அதிக நாள் தங்கும் நாட்டில்தான் விண்ணப்பிக்க வேண்டும். நாட்கள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாட்டில். "ஐந்து நாள் சுவிட்சர்லாந்து, மூன்று நாள் எர்ஃபுர்ட்" என்ற பயணத்துக்கு ஜெர்மன் விசா கேட்டால் திருப்பிவிடுவார்கள்.

ஜெர்மனி என்றால் சென்னையில் வி.எஃப்.எஸ். மையத்தில் (தூதரகத்துக்காக விண்ணப்பங்களை வாங்கும் நிறுவனம்) நேரம் வாங்க வேண்டும். பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாளாவது இருக்க வேண்டும். முடிவு வர 15 நாள் என்பது விதி, அதை 45 நாள் வரை நீட்டிக்கவும் விதியிலேயே இடம் உண்டு. ஆக, மூன்று மாதம் இருக்கும்போது மையத்தில் உட்கார்ந்திருந்தால் நிம்மதி.

கட்டணம்: பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயது வரை 45 யூரோ, 6 வயதுக்குக் கீழே இலவசம். இதை ரூபாயில் கட்டுவீர்கள். மையத்தின் சேவைக் கட்டணம் தனி. விசா மறுக்கப்பட்டாலும் இந்தப் பணம் திரும்பாது.

ஆவணங்கள்:

பாஸ்போர்ட்: வாங்கி 10 ஆண்டுக்குள் இருக்க வேண்டும், ஊர் திரும்பும் நாளுக்குப் பிறகும் 3 மாதம் செல்ல வேண்டும், இரண்டு பக்கம் காலியாக இருக்க வேண்டும். பழைய பாஸ்போர்ட்டில் விசா இருந்தால் அதையும் கொண்டுபோங்கள்.

விண்ணப்பம்: இணையத்தில் நிரப்பி அச்செடுப்பது. பார்கோடு உள்ள பக்கங்களையும் சேர்த்து அச்செடுங்கள். கையெழுத்து பாஸ்போர்ட்டில் உள்ளது போலவே இருக்கட்டும்.

புகைப்படம்: 35 மி.மீ. அகலம், 45 மி.மீ. உயரம், வெளிர் பின்னணி, ஆறு மாதத்துக்குள் எடுத்தது. ஸ்டூடியோவில் "பாஸ்போர்ட் சைஸ்" என்று மட்டும் சொன்னால் வேறு அளவில் வரக்கூடும், "ஷெங்கன் விசாவுக்கு" என்று சொல்லுங்கள்.

மருத்துவக் காப்பீடு: குறைந்தது 30,000 யூரோ, ஷெங்கன் நாடுகள் அனைத்துக்கும். நம் ஊரிலிருந்து விமானம் ஏறும் தேதியிலிருந்தே தொடங்கட்டும். திரும்பும் பக்கம் இரண்டொரு நாள் கூடுதலாகப் போடுங்கள். சரியாக அத்தனை நாளுக்கு மட்டும் எடுத்துவிட்டு, விமானம் ஒரு நாள் தள்ளிப் போனால் காப்பீடு இல்லாமல் நிற்பீர்கள்.

பணச் சான்று: மூன்று மாத வங்கி ஸ்டேட்மென்ட், வங்கி முத்திரையோடு. மூன்று மாதச் சம்பளச் சீட்டு, வருமான வரிக் கணக்கு, அலுவலகத்தின் விடுப்புக் கடிதம். ஓய்வுபெற்றவர் என்றால் ஓய்வூதியச் சான்று. விண்ணப்பிக்கும் வாரத்தில் கணக்கில் மூன்று லட்சம் புதிதாக விழுந்திருந்தால், அது எங்கிருந்து வந்தது என்பதற்கும் காகிதம் வையுங்கள். நகையை அடகு வைத்ததோ, வைப்புத்தொகை முதிர்ந்ததோ, எதுவானாலும் சீட்டு வேண்டும். விளக்கமில்லாத பணம் இருப்பதைவிடக் குறைவாக இருப்பதே மேல்.

விமானம்: இருக்கையைப் பிடித்து வைத்த சீட்டு போதும். விசா கையில் வருமுன் பணம் கட்டி வாங்காதீர்கள்.

கடிதம்: எதற்காகப் போகிறீர்கள் என்று ஒரு பக்கத்தில். நாள்வாரியாக ஊர், தங்குமிடம், ரயில். "லுத்தர் வாழ்ந்த இடங்களைப் பார்க்க" என்ற காரணம் நல்ல காரணம்தான். ஆனால் பயணத் திட்டத்தில் எர்ஃபுர்டுக்கு அரை நாளும் பாரிசுக்கு ஐந்து நாளும் இருந்தால் யார் நம்புவார்கள்? சபை வழியாகப் போகிறவர்கள் ஆயரிடம் கடிதம் வாங்கி இணைக்கலாம். கட்டாயமில்லை.

இனி, நம்மவர்களுக்கே உரிய தலைவலி: பெயர். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக, இரண்டு பெயரும் "கொடுத்த பெயர்" கட்டத்தில் இருக்கும். அல்லது "மு. கார்த்திக்" என்பது எழுத்து விரிந்து "முருகேசன் கார்த்திக்" ஆகியிருக்கும். வங்கிக் கணக்கில் "கார்த்திக் மு." என்று இருக்கும். விண்ணப்பத்தில் பாஸ்போர்ட்டில் எந்தக் கட்டத்தில் என்ன இருக்கிறதோ அப்படியே எழுதுங்கள், அழகுபடுத்தாதீர்கள். விமானச் சீட்டு, காப்பீடு, மடத்தின் உறுதிக் கடிதம், ரயில் சீட்டு நான்கும் அதே வரிசையில் இருக்கட்டும். வங்கியில் மட்டும் சுருக்கமாக இருந்தால், இரண்டும் ஒருவரே என்று வங்கியிடம் ஒரு வரி எழுதி வாங்கிவிடுங்கள்.

கைரேகை எடுப்பதால் நேரில் போக வேண்டும். 12 வயதுக்குக் கீழுள்ளவர்களுக்குக் கைரேகை கிடையாது. முன்பு ஷெங்கன் விசாவுக்குக் கொடுத்த ரேகை 59 மாதம் வரை செல்லும்.

மறுத்தால்? முன்பெல்லாம் ஜெர்மன் தூதரகத்திடமே மறுபரிசீலனை கேட்கலாம். 2025 ஜூலை 1 முதல் அந்த வழியை எடுத்துவிட்டார்கள். இப்போது குறையைத் திருத்திப் புதிதாக விண்ணப்பிப்பது அல்லது ஜெர்மனியில் வழக்குப் போடுவது, இரண்டுதான். பழைய யூடியூப் காணொளிகளை நம்பி மனு எழுதிக்கொண்டு உட்காராதீர்கள்.

5. ரயில்

ஃபிராங்க்ஃபுர்ட்டில் இறங்குவது வசதி. விமான நிலையத்திலேயே தொலைதூர ரயில் நிலையம் இருக்கிறது. உள்ளூர் ரயில்களுக்கான நிலையம் வேறு, பலகை பார்த்துப் போங்கள். ஐ.சி.இ. விரைவு ரயிலில் எர்ஃபுர்ட் ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். பெர்லினிலிருந்து ஒன்றேமுக்கால் மணி நேரம்தான்.

சீட்டில் மூன்று வகை உண்டு. மிக மலிவான "சூப்பர் ஷ்பார்பிரைஸ்" குறிப்பிட்ட ரயிலுக்கு மட்டும், ரத்து செய்ய முடியாது. "ஃபிளெக்ஸ்பிரைஸ்" விலை அதிகம், அன்றைக்கு எந்த ரயிலிலும் ஏறலாம். "ஷ்பார்பிரைஸ்" இரண்டுக்கும் நடுவில்.

பொறி இதுதான்: விமானம் காலை 7 மணிக்கு இறங்கும் என்று 8.30 ரயிலுக்கு மலிவுச் சீட்டு வாங்குவது. குடியேற்ற வரிசையும் பெட்டிக்கான காத்திருப்பும் சேர்ந்தால் அந்த ரயில் போய்விடும். விமானம் தாமதமானதற்கு ரயில்வே பொறுப்பேற்காது. மூன்று மணி நேரமாவது விடுங்கள். ஆனால் ரயிலே தாமதமாகி, போய்ச் சேரும் நேரம் 20 நிமிடமோ அதற்கு மேலோ தள்ளிப் போகும் என்று தெரிந்தால், மலிவுச் சீட்டோடும் வேறு ரயிலில் ஏறலாம். ஒரு மணி நேரத் தாமதத்துக்குச் சீட்டு விலையில் 25 சதவீதமும், இரண்டு மணி நேரத்துக்கு 50 சதவீதமும் திரும்பக் கேட்கலாம். கேட்டால்தான் கிடைக்கும்.

இருக்கை முன்பதிவுக்குத் தனிப் பணம். சீட்டு வாங்கியதும் இருக்கையும் உண்டு என்று நினைத்துக்கொண்டு ஏறி, நின்றுகொண்டே போகிறவர்கள் நிறைய.

"டாய்ச்லாண்ட் டிக்கெட்" 2026 ஜனவரி முதல் மாதம் 63 யூரோ. நாடு முழுக்க உள்ளூர் ரயில், டிராம், பேருந்துக்குச் செல்லும். ஐ.சி.இ.யில் செல்லாது. இது மாதச் சந்தா. அந்த மாதம் 10ஆம் தேதிக்குள் ரத்து செய்யாவிட்டால் அடுத்த மாதமும் அட்டையிலிருந்து பணம் போகும். மூன்று நாலு நாளுக்கு இது வீண், இரண்டு வாரம் ஊர் சுற்றுகிறவர்களுக்கு லாபம்.

6. நிலையத்திலிருந்து மடத்துக்கு

நடந்தால் இருபது நிமிடம். நிலையத்துக்கு எதிரே பான்ஹோஃப்ஷ்ட்ராஸே வழியாக ஆங்கர் சதுக்கம் வரை நேராகப் போங்கள். அங்கே லுத்தர் சிலை நிற்கும் காஃப்மன்ஸ் ஆலயத்தைக் கடந்து யோஹானஸ்ஷ்ட்ராஸேயில் வடக்கே நடந்தால் இடப்பக்கம் அகுஸ்தீனர்ஷ்ட்ராஸே பிரியும். டிராமில் போனால் நிறுத்தத்தின் பெயரே "அகுஸ்தீனர்குளோஸ்டர்". சீட்டை வாங்கினால் மட்டும் போதுமா, முத்திரையும் குத்த வேண்டுமா என்று பாருங்கள். செல்லாத சீட்டோடு பிடிபட்டால் 60 யூரோ.

பெட்டியை உருட்டுகிறவர்களுக்கு: பழைய நகரத் தெருக்கள் கருங்கல் பாவியவை. சின்னச் சக்கரப் பெட்டிகளின் சக்கரம் கல் இடுக்கில் மாட்டி உடைவது இங்கே வாடிக்கை. பகலில் மட்டும் பார்த்துத் திரும்புகிறவர்கள் பெட்டியை நிலையத்துப் பெட்டகத்தில் பூட்டிவிட்டு வாருங்கள். அதற்கு யூரோ நாணயம் வேண்டும்.

7. மடத்துக்குள்

தங்குகிறவர்கள் பதிவுப் படிவம் நிரப்ப வேண்டும். ஜெர்மானியர்களுக்கு 2025 முதல் இது இல்லை, வெளிநாட்டவருக்கு உண்டு. பாஸ்போர்ட் அசலைக் கேட்பார்கள். அறை வாடகையோடு நகரத்தின் தங்கல் வரியும் சேரும்.

முதலில் கோவில், காலையில். பீடத்துக்குப் பின்னால் கிழக்குச் சுவரில் 14ஆம் நூற்றாண்டுக் கண்ணாடிச் சாளரங்கள் இருக்கின்றன. வெயில் அந்தப் பக்கத்திலிருந்து விழும்போதுதான் அவற்றின் சிவப்பும் நீலமும் எழும். மதியத்துக்கு மேல் போனால் மங்கிய கண்ணாடிதான். சிங்கமும் கிளியும் மாறி மாறி வரும் சாளரத்தைத் தேடுங்கள். ரோஜாவையும் பாருங்கள், லுத்தரின் முத்திரையில் உள்ள ரோஜாவுக்கு இதுவே தூண்டுதல் என்று சொல்வார்கள்.

பிறகு குனிந்து தரையைப் பாருங்கள். பீடத்துக்கு முன்னால் யோஹானஸ் சக்கரியே என்ற அகுஸ்தீனாரின் கல்லறைக் கல். கான்ஸ்டன்ஸ் நகரில் கூடிய திருச்சபைச் சங்கத்தில், லுத்தருக்கு ஒரு நூற்றாண்டு முந்திய செக் சீர்திருத்தவாதி யான் ஹுஸ்ஸை எதிர்த்து வாதாடியவர் அவர். துறவற வாக்கு கொடுத்த நாளில் லுத்தர் இந்தக் கல்லின் மேல்தான் குப்புற விழுந்து கிடந்தார் என்பது மரபு. ஹுஸ்ஸின் பகைவர் கல்லில் கிடந்தவர், பிறகு ஹுஸ்ஸின் பக்கமே போனார். வழிகாட்டி அவசரத்தில் கடந்துபோகக்கூடும், நீங்கள் நின்று பாருங்கள்.

லுத்தரின் அறை என்று காட்டுவது சிறியது, ஏமாற்றம்கூடத் தரலாம். கூட்டமாகப் போனால் எட்டிப் பார்த்துவிட்டு அடுத்தவருக்கு இடம் விட வேண்டும்.

நூலகத்தின் கீழ்த்தளத்துக்குப் போகும்போது குரலைத் தாழ்த்துங்கள். 1945 பிப்ரவரி 25 அன்று குண்டுவீச்சுக்குப் பயந்து இங்கே பதுங்கிய 267 பேர் இறந்தார்கள். இன்று அது மௌனத்துக்கான இடம். படம் எடுக்க வேண்டாம், பேச வேண்டாம். மேலே நிற்கும் நூலகக் கட்டடம் பிற்காலத்தில் கட்டியது. பழைய நூல்களைப் புரட்ட வேண்டும் என்றால் முன்கூட்டியே எழுதி அனுமதி வாங்க வேண்டும். சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு அந்த அலமாரிகள் திறக்காது.

கல் கட்டடம் என்பதால் ஏப்ரலிலும் உள்ளே குளிரும். ஸ்வெட்டரைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு வராதீர்கள்.

8. கைச்செலவு, சாப்பாடு

சின்னக் கடைகளில் "நூர் பார்" என்று எழுதியிருந்தால் ரொக்கம் மட்டும் என்று பொருள். ஆளுக்கு 100 யூரோ ரொக்கம், அதில் கொஞ்சம் நாணயமாக. கழிப்பறைக்கும் காசு. குழாய்த் தண்ணீர் குடிக்கலாம். பாட்டில் வாங்கினால் 25 சென்ட் கூடுதலாகப் பிடிப்பார்கள், காலிப் பாட்டிலைக் கடையில் உள்ள இயந்திரத்தில் போட்டால் திரும்பக் கிடைக்கும்.

சைவர்களுக்கு இது கொஞ்சம் கஷ்டமான ஊர். துரிங்கியாவின் பெருமையே சுட்ட இறைச்சிக் குழல்தான். உருளைக்கிழங்கு உருண்டை சைவம்தான் என்று நம்பிக் கேட்டால், மேலே இறைச்சிச் சாறு ஊற்றி வரும். "ஓனே ஃப்ளைஷ், ஓனே ஸோஸே" என்று இரண்டையும் சொல்லுங்கள்: கறி இல்லாமல், சாறும் இல்லாமல்.

9. மீதி நாள்

மடத்துக்குப் பக்கத்திலேயே அதே தெருவில் கியோர்கன்புர்ஸ, மாணவராக லுத்தர் தங்கிய விடுதி. அங்கிருந்து நடக்கும் தூரத்தில் மிகாயேலிஸ் தெருவில் பல்கலைக்கழகக் கட்டடம். 1507இல் அவர் குருப்பட்டம் பெற்ற பேராலயத்துக்கு 70 படி ஏற வேண்டும். வீட்டில் முழங்கால் வலிக்காரர் இருந்தால் இதை முதலிலேயே கணக்கில் வையுங்கள்.

லுத்தர் அருகே மின்னல் விழுந்து, துறவியாவேன் என்று அவர் நேர்ந்துகொண்ட ஷ்டோட்டர்ன்ஹைம் ஊருக்கு உள்ளூர் ரயில் போகிறது. 1917இல் நட்ட நினைவுக் கல் ஊருக்கு வெளியே இருக்கிறது, நிலையத்திலிருந்து நடக்க வேண்டும். கல் ஒன்றைத் தவிர அங்கே பார்க்க எதுவும் இல்லை, மழை நாளில் வேண்டாம். லுத்தர் மறைந்திருந்து புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்த வார்ட்பர்க் கோட்டைக்காக ஐசனாக் போவதென்றால் தனி நாள் ஒதுக்குங்கள். நாலைந்து பேர் இருந்தால் துரிங்கியா மாநில நாள் சீட்டு மலிவு. வார நாளில் காலை 9 மணிக்கு முன்னால் அது செல்லாது, ஐ.சி.இ.யிலும் செல்லாது.

ஒரு நாள் மிஞ்சினால் என் பரிந்துரை ஹாலே. எர்ஃபுர்டிலிருந்து ஐ.சி.இ.யில் முக்கால் மணி நேரத்துக்குள். தரங்கம்பாடிக்கு வந்த புராட்டஸ்டன்ட் மிஷனரி சீகன்பால்க் படித்த ஊர். அங்குள்ள பிராங்கே நிறுவனத்தின் காப்பகத்தில் தமிழ் ஓலைச்சுவடிகள் இருக்கின்றன. பார்க்க விரும்பினால் மடத்துக்கு எழுதும் அதே வாரத்தில் காப்பகத்துக்கும் எழுதுங்கள். எந்தச் சுவடி, எதற்காக, எந்தத் தேதி என்று சொல்லிக் கேட்க வேண்டும்.